ஆள் புறப்பட்டாச்சு

தைக்காட்டில் ஒரு சந்துக்குள் எங்கள் ஆபீஸ். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனி. முதலாளி நாகேஸ்வரன், திருநெல்வேலிக்காரர். மெக்கானிக் வேலப்பன், விழிஞ்ஞத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவன். என் பெயர் குற்றாலலிங்கம், சுசீந்திரம் பக்கம். கொட்டேஷன் டைப் செய்வதும், அனுப்பிய கொட்டேஷனுக்குப் பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பதும் என் வேலை.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்தில் நல்ல வீடு வைத்திருந்தவர்களெல்லாம் அதை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாட் என்றால் லிஃப்ட். லிஃப்ட் என்றால் ஒருநாள் நடுவழியில் நிற்கும். நின்றால் எங்களுக்கு ஃபோன் வரும். லிஃப்டுகள் ஊர் முழுக்க இருந்தன, வேலப்பன் ஒருவன்தான் இருந்தான்.

ஆகவே எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "ஆள் புறப்பட்டாச்சு." யார் ஃபோனை எடுத்தாலும் இதைத்தான் சொல்வோம். அந்நேரம் ஆள் எனக்கு எதிரே ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பான். இதைப் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் வருத்தப்பட்டிருப்போம். கேட்கிறவர்கள் யாரும் நம்பவில்லையே. புறப்பட்டாச்சு என்று சொன்னால் இன்றைக்கு வரமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். முடிந்தவர்கள் படியேறிப் போவார்கள். முடியாதவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார்கள். இப்படி எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஷிஜா வேலைக்கு வந்தாள்.

ஃபோன் எடுக்கத்தான் வந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம், பூஜப்புரையில் வாடகை வீடு. அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. இதற்கு முன் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தாளாம். சாயம் போகுமா என்று கேட்ட பெண்ணிடம் போகும் என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்த வேலை போயிற்று. இதை இன்டர்வியூவில் அவளே சொன்னாள். நாகேஸ்வரன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வேலை கொடுத்தார்.

கிறிஸ்தவர்கள் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர்கள்தான். அவர்களும் எங்களைப் போலவே தேவைக்கேற்பப் பேசி நன்றாகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லாத கிறிஸ்தவர் ஒருவரை நான் பார்த்தது அப்போதுதான். பொய் சொல்லாத இந்துவை இன்னும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

முதல் நாள் முதல் ஃபோன். பட்டம் ஏரியாவில் ஏதோ ஃப்ளாட். ஷிஜா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையைத் திருப்பி வேலப்பனைப் பார்த்தாள்.

"மெக்கானிக் இங்கதான் இருக்காரு சாரே. பேப்பர் வாசிக்காரு. எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லட்டா?"

நாகேஸ்வரன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். ஃபோன் வைக்கும்வரை காத்திருந்தார்.

"ஏம்மா, ஆள் புறப்பட்டாச்சுன்னு சொல்லணும்னு சொன்னேம்லா?"

"புறப்படல்லியே சாரே."

"புறப்படலைங்கிறது எனக்கும் தெரியும். சொல்லுதது ஒரு பழக்கம். இதுல என்ன பொய் இருக்கு?"

"நான் கர்த்தருக்குப் பயந்தவ சாரே. வேற என்ன வேலை வேணும்னாலும் செய்யுதேன். ஆபீஸைத் தூத்துப் பெருக்கச் சொன்னாலும் பெருக்குதேன். இது மட்டும் என்னால ஆகாது."

"அப்ப பையை எடுத்துக்கிட்டு நட."

அவள் எடுத்தாள். தண்ணீர் பாட்டில், டிஃபன் டப்பா, கறுப்பு உறை போட்ட வேதபுத்தகம் எல்லாவற்றையும் பைக்குள் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் பயந்திருந்தாள், பயந்துகொண்டேதான் செருப்பை மாட்டினாள். நாகேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. மிரட்டினால் மிரளுகிறவர்களிடம் மட்டுமே அவருக்கு மிரட்டத் தெரியும். தவிர, தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் தெரிந்த பெண் அந்தச் சம்பளத்துக்கு இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். அவர் வாசலையும் வேலப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆள் நெசமாவே புறப்பட்டாச்சுன்னா சொல்லுவியா?"

"சொல்லுவேன் சாரே."

"எங்க போறான்னு நீ கேக்கமாட்டேல்லா?"

அவள் யோசித்தாள். "அது என் வேலை இல்லியே சாரே."

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஃபோன் மணி அடித்ததும் வேலப்பன் எழுந்து கேட்டைத் தாண்டிச் சந்து முனை டீக்கடை வரை போவான். ஷிஜா ஜன்னல் வழியே பார்ப்பாள். அவன் கேட்டைத் தாண்டிய பிறகு, "ஆள் புறப்பட்டாச்சு சாரே" என்பாள். ஒரு டீ குடித்துவிட்டு வேலப்பன் திரும்பி வருவான். முதல் தடவை அவன் கைவீசிக்கொண்டு கிளம்பியபோது ஷிஜா தடுத்தாள்.

"அண்ணே, டூல்ஸ் பை எடுக்கல்லியே. பை இல்லாம எப்பிடி புறப்பட்டதாகும்?"

வேலப்பன் என்னைப் பார்த்தான். நான் டைப் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பையையும் சுமந்துகொண்டு டீக்கடைக்குப் போய் வந்தான். உள்ளே இரும்புதான். ஒரு மாதத்தில் தோளில் காய்ப்புக் காய்த்தது, வயிறும் கெட்டது.

"எந்தா சாரே இது, இவளு பொய் சொல்லாம இருக்க நானா சாயா குடிச்சுச் சாகணும்?" என்றான் என்னிடம்.

ஒருநாள் டிஃபன் நேரத்தில் ஷிஜாவிடம் கேட்டேன். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். திறக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "இது உங்க கணக்குல சரிதானா பிள்ளே?"

"ஜெபம் பண்ணிக் கேட்டேன் அண்ணே. மனசுக்குச் சமாதானம் கிடைச்சு. நான் சொல்லுகதுல பொய் இல்லியே."

அதோடு விட்டாளா, இல்லை. அவர்கள் சபையில் பெண்கள் வெள்ளிக்கிழமை வீடுகளில் கூடி ஜெபிப்பார்கள். அங்கே எழுந்து நின்று சாட்சியும் சொல்லிவிட்டாள். வேலை போக இருந்தது, பொய் சொல்லாமலே வேலையில் இருக்கக் கர்த்தர் வழி திறந்தார் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்களாம். வழி டீக்கடை வரைதான் போகிறது என்பதை அவர்களுக்குச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

யாரும் எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. ஜனங்கள் நம்பத் தொடங்கினார்கள். பேப்பர் வாசிக்கிறார் என்று அவள் முதல் நாள் சொன்னது ஃப்ளாட் ஃப்ளாட்டாகப் பரவியிருந்தது. இந்த ஊரில் ஃபோனில் உண்மை பேசும் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. அவள் புறப்பட்டாச்சு என்று சொன்னால் ஃபோனைத் திருப்தியாக வைத்தார்கள். ஆள் மறுநாள் போய்ச் சேர்ந்தாலும் வழியில் ஏதோ தடங்கல் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். சத்தம் போடுவது குறைந்தது. நாகேஸ்வரன் புதுப் பார்ட்டிகளிடம், "நம்ம ஆபீஸ்ல ஒரு கிறிஸ்தியானிப் பொண்ணு இருக்கு, பொய்யே சொல்லாது" என்று பெருமையாகச் சொன்னார். புது கான்ட்ராக்டுகள் வந்தன. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸ் கட்டடம் ஒன்றுகூட வந்தது.

மகிழ்ச்சியில் அவர் ஷிஜாவின் ஃபோனுக்கு மேலே இயேசு படம் ஒன்று வாங்கி மாட்டினார். தினமும் காலையில் பிள்ளையாருக்குக் காட்டிய ஊதுபத்தியை இங்கேயும் வந்து காட்டினார்.

"சாரே, எங்களுக்குப் படத்துக்குப் பத்தி கொளுத்துற பழக்கம் இல்ல."

"உனக்கு இல்லம்மா. எனக்கு உண்டு."

சாஸ்தமங்கலத்திலிருந்து ராமசுப்ரமணியன் ஃபோன் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் காலம். ஏஜிஸ் ஆபீஸில் ஆடிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், நான்காவது மாடி. நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், படியேறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அன்று காலை ரத்தப் பரிசோதனைக்குக் கீழே இறங்கியிருக்கிறார். திரும்பி வந்தால் லிஃப்ட் நின்றுவிட்டது. கீழே வாட்ச்மேன் அறையிலிருந்து பேசினார். வேலப்பன் டீக்கடைக்குப் போனான். ஷிஜா புறப்பட்டாச்சு என்றாள்.

சாஸ்தமங்கலம் போவதற்கு வேலப்பன் தயாராகத்தான் இருந்தான். நாகேஸ்வரன்தான் விடவில்லை. கழக்கூட்டத்து லிஃப்ட் காலையிலிருந்தே முனகுகிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், ஆள் கையில் இருக்கவேண்டும் என்றார். ராமசுப்ரமணியன் மறுபடி கூப்பிட்டார். வேலப்பன் மறுபடி டீ குடித்தான். மத்தியானம் கழக்கூட்டத்திலிருந்து ஃபோன் வந்து, அங்கே போய்விட்டான். அதற்குப் பிறகு பேசியது அவர் மனைவி, மாடியிலிருந்து.

"ஆள் இன்னும் வரலையேம்மா. கிளம்பிட்டான்னு சொன்னியாமே?"

"புறப்பட்டு நேரம் கொஞ்சம் ஆச்சு மாமி" என்றாள் ஷிஜா.

அதுவும் உண்மைதான். ஆனால் ஃபோனை வைத்த பிறகு அவள் ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன்பின் வந்த ஃபோன்களில் அவள் குரல் சரியில்லை.

அன்று ஜெபக்கூட்டம் சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டில். எனக்கு அந்த வழிதான், ஒரே பஸ். இறங்கியதும், "அண்ணே, அந்த ஃப்ளாட்டுல ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போலாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

கார் நிறுத்தும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ராமசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். வேட்டியும் துண்டும். பக்கத்தில் தரையில் ஒரு கூடை, அதற்குள் தயிர்சாதம் சாப்பிட்ட பாத்திரம். கூடையில் கட்டிய கயிறு மேலே நான்காவது மாடி பால்கனி வரை போயிற்று. அங்கே அவர் மனைவி சீதாலக்ஷ்மி கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வலியால் அந்த அம்மாளும் இறங்க முடியாதவள். மத்தியானத்திலிருந்து இருவரும் அப்படித்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

வாட்ச்மேன் எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டான். "கரமனையில இவரோட தங்கச்சி வீடு உண்டு சாரே. காலையிலயே காரும் கொண்டு வந்தாங்க. போகமாட்டேன்னு இருந்துட்டாரு. அந்த ஆபீஸ் பொண்ணு பொய் சொல்லாது, இப்ப வரும், இப்ப வரும்னு."

ஷிஜா அவர் முன்னால் போய் நின்றாள். "சாரே, நாந்தான் ஃபோனுல பேசினது."

கிழவருக்குக் களைத்த முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"நீதானா? வாம்மா. ஆள் பின்னால வந்துண்டிருக்கானா?"

"இல்ல சாரே. ஆள் டீக்கடைக்குத்தான் போனாரு."

"எந்த டீக்கடை?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மணி அடித்ததும் வேலப்பன் எழுந்திருப்பது, பை, ஜன்னல், கேட், டீ. ஒன்றையும் விடவில்லை. ராமசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். முடிவில் கண்ணைத் திறந்தார்.

"அப்ப ஆள் புறப்பட்டது வாஸ்தவம்தானே. நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

"பொய்தான் சாரே" என்றாள் ஷிஜா.

அழுதாள். சத்தமில்லாமல், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த கணம் அவளைப்போல் ஒரு தடவையாவது பேச முடியாத என் வாய் மேலும் கோபம் வந்தது.

"காலம்பறயே சொல்லியிருந்தா கரமனைக்குப் போயிருப்பேன்" என்றார் அவர். திட்டவில்லை. அதற்கும் அவரிடம் தெம்பு இல்லை.

கரமனைக்கு ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். மனைவியைத் தனியே விட்டுவிட்டு இந்நேரத்துக்கு எங்கும் வரமாட்டேன் என்றார். ஆகவே நாற்காலியோடு தூக்கினோம். முன்கால்களை நானும் வாட்ச்மேனும், பின்னால் முதுகுப்பக்கம் முழுவதும் ஷிஜா. பிளாஸ்டிக் நாற்காலி மனிதனைச் சுமந்து மாடியேற்றச் செய்யப்பட்ட சாமான் அல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்தது. இரண்டாம் மாடியில் ராமசுப்ரமணியன் இறக்கச் சொல்லி, எங்களைவிடத் தனக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்குகிறது என்று குற்றம் சொல்லும் குரலில் சொன்னார். ஷிஜாவின் நெற்றியில் வேர்வை ஓடிக் கண்ணுக்குள் போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை. மேலே சீதாலக்ஷ்மி கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். கணவரை நாற்காலியில் பார்த்ததும் அந்த அம்மாள் ஷிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நன்னா இருக்கணும்" என்றாள். ஃபோனில் பேசிய பெண் இவள்தான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஷிஜா அதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

ஜெபக்கூட்டத்துக்குத் தாமதமாகப் போய், முன்பு சொன்ன சாட்சி தப்பு, அதை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுந்து நின்று சொன்னாளாம். சாட்சியை வாபஸ் வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. கர்த்தர் உன் இருதயத்தை அறிவார், அப்பா கிடையில் கிடக்கிறார், வேலையை விட்டுவிடாதே என்று எல்லோரும் தேற்றினார்கள். நல்லவர்கள்தான். அது இவளுக்குப் போதவில்லை.

மறுநாள் காலை முதல் ஃபோன் வந்தபோது வேலப்பன் வழக்கம்போல் பையைத் தோளில் மாட்டினான்.

"அண்ணே, நீங்க உக்காருங்க" என்றாள் ஷிஜா. ரிசீவரை எடுத்தாள். "ஆள் இங்கதான் இருக்காரு சாரே. இன்னைக்கு வருவாரான்னு உறுதியா சொல்ல முடியாது. அங்க மாடி ஏற முடியாதவங்க யாராவது உண்டா?"

அங்கே அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது. "அப்ப நாளைக்குப் பாக்கலாம் சாரே" என்று வைத்தாள். அடுத்த ஃபோனுக்கும் அதே கேள்வி. அங்கே பிரசவித்த பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு கீழே நின்றாள். வேலப்பன் நாகேஸ்வரனைப் பார்க்காமலே ஸ்கூட்டரை உதைத்தான்.

நாகேஸ்வரன் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கெட்டவர் இல்லை, கழக்கூட்டம் கையைவிட்டுப் போகுமே என்ற பயம்.

"மக்களே, பழையபடியே இரு. நீ பொய் சொல்லவேண்டாம். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்லையே."

"அதுதான் சாரே தப்பாப் போச்சு. நான் ஒருத்தி சொன்னதுனாலதான் அவரு அங்க காலையில இருந்து வெயிலுல இருந்தாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் போயிருப்பாரு."

"உங்க அப்பாவை நெனைச்சுப் பாத்தியா?"

"ராத்திரி முழுக்க அதுதான் நெனைச்சேன் சாரே."

 மாதக் கடைசி வரை மட்டும் இருக்கச் சொன்னார். இருந்தாள். கடைசி நாள் வரை, மாடி ஏற முடியாதவர்கள் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போகும்போது என்னிடம், வேறு வேலை ஏதாவது காதில் விழுந்தால் சொல்லச் சொன்னாள். எந்த மாதிரி வேலை என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஏற்ற வேலை இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. நாகேஸ்வரன் இயேசு படத்தைக் கழற்றவில்லை. பத்தி காட்டுவதையும் நிறுத்தவில்லை.

புதுப் பெண் வரும்வரை ஃபோன் என் மேசைக்கு வந்தது. எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை, அனுபவஸ்தன். வேலப்பனும் பழையபடி ஸ்டூலில் காலை நீட்டிப் பேப்பர் வாசித்தான். முதல் வாரமே சாஸ்தமங்கலத்திலிருந்து மணி அடித்தது.

"லிஃப்ட் மறுபடி நின்னுடுத்து" என்றார் ராமசுப்ரமணியன், கீழே வாட்ச்மேன் அறையிலிருந்து.

"ஆள் புறப்பட்டாச்சு சார்" என்றேன்.



"அந்தப் பொண்ணு இல்லையா?"

"இல்லை சார். வேலையை விட்டுப் போயாச்சு."

"அப்படியா" என்றார். பிறகு ரிசீவரைச் சரியாக மூடாமல், வாட்ச்மேனிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஆட்டோ கூப்பிடுப்பா. கரமனைக்குப் போகணும்."